பட்டம் கட்ட நின்றவனும் ஓட்டுப் போடப் போனவனும்

1

நான் இப்போது இருக்கும் ஊரின் முழுப் பெயரைத் தமிழில் எழுத முடியாது. ஸ்பானிஷில் ‘கொழுத்த முனை’ என்று யோக்கியமான அர்த்தம்தான். ஆனால் அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் என் தங்கச்சி தேவகி இந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் வைத்துவிடுவாள். முதன்முதலில் இங்கே வந்து சேர்ந்து, புதுச்சேரிக்கு போன் போட்டு ஊர்ப் பெயரைச் சொன்னபோது என் அப்பா பட்டென்று போனை வைத்துவிட்டார். பையன் வெளிநாடு போய்க் குடிக்கக் கற்றுக்கொண்டான் என்று அம்மாவிடம் சொன்னாராம். நான் புதுச்சேரிக்காரன். குடிக்கக் கற்றுக்கொள்ள வெளிநாடு போவேனா?

இங்கே எல்லோரும் பி.ஜி. என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். நாடு பெலிஸ். மெக்சிகோவுக்குக் கீழே, கடலோரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாடு. அதன் தென்கோடியில் பி.ஜி. அங்கே கடற்கரையை ஒட்டி நானும் என் சம்சாரம் விஜயாவும் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். காலையில் கடை கதவைத் திறந்தால் எதிரே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் நீலமாக மலை. அந்த மலை குவாதமாலா என்கிற பக்கத்து நாடு. தினமும் அங்கிருந்து படகில் ஆட்கள் வருவார்கள், எங்கள் கடையில் வறுத்த மீன் சாப்பிடுவார்கள், குழம்பு காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி கேட்பார்கள். நல்ல மனிதர்கள். ஒரே ஒரு சிக்கல். நான் குழம்பு ஊற்றிக்கொண்டு நிற்கும் தரையே தங்களுடையது என்று அவர்கள் நாடு சொல்கிறது. ரொம்பக் காலமாகச் சொல்கிறது.

சில வருடங்களுக்கு முன், இந்தத் தகராறை உலக நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாமா என்று பெலிஸ் தன் ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டது. ஓட்டு மே மாதத்தில் நடந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் என் தங்கச்சி புருஷன் ஏழுமலை போன் போடுவான். இந்த வருடமும் போட்டான்.

“மச்சான், தீர்ப்பு வந்துச்சா?”

“இன்னும் இல்ல மச்சான்.”

“உன் ஊடு எந்த நாட்டுல இருக்குதுன்னே தெரியாம எப்படிடா தூங்குற?”

“குப்புறப் படுத்துத்தான்.”

சிரித்துவிட்டு வைத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மே மாதத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். படிப்பு ஆறாம் வகுப்பு. அதுவும் அஞ்சாம் வகுப்பு என்னை விட மனசில்லாமல் ரெண்டு வருடம் வைத்திருந்து அனுப்பியது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

2

எல்லை என்றால் என்னவென்று புதுச்சேரிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். பாதித் தெரு நம்முடையது, மீதித் தெரு தமிழ்நாடு. சேதராப்பட்டு கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். கம்பெனி நம் பக்கம், டீக்கடை அந்தப் பக்கம் என்று மேஸ்திரி சொல்வார். டீ குடிக்க வெளிமாநிலம் போகிறோம் என்று பெருமையாக இருக்கும். பிராந்திக் கடை எங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறதோ அதுதான் எல்லை. அதற்கு மேல் எனக்குப் பூகோளம் கிடையாது.

அதனால் பெலிசுக்கு வந்த புதிதில், “அந்த நாட்டுக்காரன் நம்ம நாட்டைக் கேக்கறான்” என்று இங்கே ஆட்கள் குரலை உயர்த்தும்போதெல்லாம் நான், “அங்க சரக்கு விலை கம்மியா, இங்கயா?” என்று கேட்பேன். யாரும் சிரிக்கமாட்டார்கள். என் ஜோக்குக்கு விசா கிடைக்கவில்லை.

சிரிப்பை நிறுத்தியவன் என் மகன் கதிர். இங்கேயே பிறந்தவன். வீட்டில் தமிழ் பேசுவான், ஆனால் அது நாங்கள் கொடுத்த தமிழ் இல்லை, அவனே ரிப்பேர் செய்துகொண்ட தமிழ். கோபம் வந்தால் இந்த ஊர்ப் பேச்சான கிரியோல். இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கரும்பு வெட்ட வந்த இந்தியர்களின் வாரிசுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் பார்த்த முகம். வாயைத் திறந்தால் ஒரு இந்திய வார்த்தை கிடையாது. கதிரின் கூட்டாளிகள் பாதிப் பேர் அவர்கள்தான். என் பேரன் காலத்தில் நாங்களும் அப்படித்தான் ஆவோம் என்று விஜயா சொல்வாள். பேரன் முதலில் பிறக்கட்டும் என்று நான் சொல்வேன். கதிருக்குக் கல்யாணம் ஆகாமல் பேரன் எப்படி வருவான் என்று அவள் கேட்பாள். இப்படியே போகும்.

எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு ஆறு இருக்கிறது. அதுதான் எல்லை என்று இங்கே சொல்வார்கள். ஒருநாள் கதிரும் கூட்டாளிகளும் ஒரு படகில் கொடியைக் கட்டிக்கொண்டு அந்த ஆற்றுக்குப் போய்விட்டார்கள். என்னிடம் சொன்னது மீன் பிடிக்க என்று. நானும் ஐஸ் பெட்டி கொடுத்து அனுப்பினேன். ஆற்று வாயில் அந்தப் பக்கத்துப் படகு ஒன்று, துப்பாக்கி வைத்த ஆட்களோடு, குறுக்கே வந்து நின்றுகொண்டது. இவர்கள் திரும்பவில்லை. அவர்கள் நகரவில்லை. கடையில் ஒருவர் ரேடியோ வைத்துக்கொண்டு சாப்பிட்டார், அதில் செய்தி வந்தது. நான் கையில் வறுத்த மீனோடு படகுத்துறைக்கு ஓடினேன். மீனை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இருட்டும் முன் இவர்கள் திரும்பி வந்தார்கள். கதிர் படகிலிருந்து குதித்து, “நாங்க பயப்படல அப்பா” என்றான்.

நான் பயந்தேன். அந்த ஓட்டில் ‘ஆமாம்’ போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். யாரோ கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் எங்கேயோ உட்கார்ந்து ஒரு கோடு போட்டு முடித்துவிடட்டும். என் பிள்ளை அந்த ஆற்றுக்கு இனி போக வேண்டாம்.

கதிர் அன்றைக்கே ‘வேண்டாம்’ என்று முடிவு செய்துவிட்டான். “நம்ம ஊட்டை நம்மளுதான்னு சொல்றதுக்கு எதுக்குப்பா கோர்ட்டு? போனா பாதி போயிடும்.”

விஜயாவிடம் கேட்டேன். “எவன் கோடு போட்டாலும் காலையில அடுப்பை நான்தான் பத்த வைக்கணும்” என்றாள்.

3

ஓட்டுப் பட்டியலையே புதிதாகப் போட்டார்கள். எல்லோரும் மறுபடி போய்ப் பெயர் பதிய வேண்டும். என் பாஸ்போர்ட்டில் சிங்காரம் என்று ஒற்றைப் பெயர்தான். அலுவலகத்தில் இருந்த பெண்மணி, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்டார். எங்கள் ஊரில் குடும்பத்துக்குப் பெயர் வைப்பதில்லை, கெட்ட பெயர்தான் வைப்பார்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு ரெண்டு கட்டத்திலும் சிங்காரம் என்றே எழுதினார். சிங்காரம் சிங்காரம். ஊரில் ஒரு தடவை கூப்பிட்டாலே யாரும் திரும்பிப் பார்க்காத ஆள் நான்.

ஓட்டு ஏப்ரலில் என்றார்கள். தேவகி மகள் கல்யாணம் மே மாதம் புதுச்சேரியில். ஏப்ரலில் ஓட்டைப் போட்டுவிட்டு, மை காய்ந்ததும் விமானம் ஏறலாம் என்று மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குள் யாரோ கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். ஓட்டு நின்றுபோனது. எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, நாம் கிளம்புவோம் என்று கிளம்பிவிட்டோம்.

புதுச்சேரியில் இறங்கி, உப்பளத்தில் தேவகி வீட்டில் பெட்டியை வைத்துக் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கதிரின் போனில் செய்தி வந்தது. ஓட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கல்யாணத்தன்றைக்கே.

கதிர் காபியைக் கீழே வைத்தான். “நான் போவணும்.”

“எங்கடா?” என்றாள் தேவகி. “பாத்ரூமா? பின்னாடி.”

4

தெரு முனையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சொல்தா என்றுதான் தெருவே கூப்பிடும். பிரான்சில் எலெக்‌ஷன் என்றால் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, புதுச்சேரியிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ஊஞ்சலில் ஆடுவார். அதைக் கேட்ட கதிருக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. என்னை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான்.

“நீ எப்படி இங்கேர்ந்து ஓட்டுப் போடற?” என்று அவரைக் கேட்டான்.

எண்பது வயது மனிதரை ‘நீ’ என்கிறான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. “எங்க கோன்சுலா பீச்சாண்ட இருக்குது தம்பி. உங்க கோன்சுலா எங்க?”

கோன்சுலா என்றால் தூதரக அலுவலகம். கதிர் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். பெலிஸ் அலுவலகத்துக்கு போன் போட்டோம். அந்தப் பக்கம் ஒரு பெண், தூங்கி எழுந்த குரலில், நேரில் வந்தால்தான் ஓட்டு என்று சொல்லிவிட்டார்.

சொல்தா எழுந்து வந்து கதிரின் தோளைத் தட்டினார். “அப்ப நேர்ல போ. வேற என்னா?” ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டார். அவருக்கு பீச் ரோடு வரைதான் தூரம்.

அன்றைக்கு சாயந்திரம் நான் ஒரு தந்திரம் செய்தேன். மொட்டை மாடியில் கதிரைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இத பாருடா, நான் போட்டா ஆமாம். நீ போட்டா வேண்டாம். ரெண்டையும் சேர்த்தா என்னா வரும்? சைபர். நாம ரெண்டு பேரும் கூட்டமா போய்ச் சைபர் போடுறதுக்கு அவ்ளோ தூரம் பறக்கணுமா? நீயும் போவாதே, நானும் போவல. நாட்டுக்கு ஒரு நஷ்டமும் இல்ல” என்றேன்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அஞ்சாம் வகுப்பில் வராத கணக்கு இப்போது வந்துவிட்டது. கதிர் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். “சரி” என்றான். கையும் கொடுத்தான். நான் கீழே வந்து விஜயாவிடம் முடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள், “நீ எதையாவது முடிச்சேன்னு சொன்னாத்தான் எனக்கு வேலை ஆரம்பிக்குது” என்றாள்.

ரெண்டு நாள் நன்றாகப் போனது. கதிர் பந்தல்காரனோடு கட்டை தூக்கினான், தேவகியோடு பத்திரிகை வைக்கப் போனான். மூன்றாம் நாள் ஏழுமலை வீட்டு முன்னால் உட்கார்ந்து, கல்யாணத்தில் யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். “தாய்மாமன் பட்டம் கட்டணும். அது சிங்காரம். அவன் கட்டாம தாலி ஏறாது.”

பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்டுவது எங்கள் பக்கத்து முறை. கதிருக்கு அது தெரியாது. “அப்பா கட்டலன்னா?” என்று கேட்டான்.

“கட்டலன்னாவா? அப்புறம் நானும் உங்க அத்தையும் இந்தத் தெருவுல நடக்க முடியாது மாப்ள.”

கதிர் என் பக்கம் திரும்பினான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். “அப்ப நீ எப்படியும் போவ முடியாது.”

நான் பத்திரிகைக் கட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தேன்.

“நான் போவ முடியும். நீ போவ முடியாது. இது சைபர் இல்ல அப்பா. நீ என் ஓட்டை எடுத்துட்ட. உன்னுதுன்னு ஒன்னுமே குடுக்கல.”

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சிரித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. ரெண்டு நாளைக்குள் அவன் விமானம் ஏறினால்தான் ஓட்டுக்குப் போய்ச் சேர முடியும். ஏறினால் வீட்டில் ஒரு ஓட்டுத்தான், அது ‘வேண்டாம்’. ஏறாவிட்டால் இந்த முகத்தை நான் எத்தனை வருடம் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை.

5

மறுநாள் காலை நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். ஏழுமலை துறைமுகத்தில் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். கதிரை அங்கே கூட்டிப் போனேன். ஏழுமலையும் நானும் ஒரே குப்பம். நகரத்துக்குத் தெற்கே, கடலோரம். அவன் இன்னும் கடலுக்குப் போகிறான். தேவகிக்காக உப்பளத்தில் வீடு பார்த்து வந்தானே தவிர, வலை குப்பத்தில்தான்.

“உனக்கு ஒரு கதை சொல்றேன்டா” என்று கதிரிடம் ஆரம்பித்தேன். “நாங்க எளவட்டமா இருந்தப்ப எங்க குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் கடல்ல எல்லைத் தகராறு. எதுவரைக்கும் நாங்க வலை போடலாம், எதுவரைக்கும் அவங்க. வலைய அறுத்தாங்க. நாங்களும் அறுத்தோம். கடைசில படகோட படகு மோதி எங்க பெரியப்பா மவனுக்கு ஒரு கை போச்சு. அதுக்கப்புறம்தான் ஊர் கூடிப் பேசுச்சு. வடக்க இருக்கிற மூணாவது குப்பத்துப் பஞ்சாயத்துக்கிட்ட விட்டுடலாமான்னு கேட்டாங்க. வீட்டுக்கு ஒரு கை. நான் எங்க வீட்டுக்காகக் கை தூக்கினேன். விட்டுடலாம்னு முடிவாச்சு.”

இப்படி விடுவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. ரெண்டு ஊர்ப் பெரியவர்களும் மூன்றாவது ஊர்க் கோயில் வாசலில் தோள்துண்டை எடுத்துப் போட்டுவிட்டு வெறும் தோளோடு திரும்ப வேண்டும். தீர்ப்பு சொல்லும் வரை துண்டு போட முடியாது. எந்தத் தீர்ப்பு வந்தாலும் அதே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

“துண்டை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க” என்றேன். “அத்தோட சண்டை முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் ஒருத்தனுக்கும் கை போகல. இதுதான்டா நம்ம ஓட்டும். மூணாவது ஆள் சொல்லட்டும். நிம்மதியா இருக்கலாம்.”

நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். கதிர் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். படகுக்குள் குனிந்து நின்ற ஏழுமலை வாளியைக் கீழே வைத்தான்.

“மச்சான், தீர்ப்பு என்னாச்சுன்னு சொல்லலியே?”

“அதான் சண்டை முடிஞ்சுச்சே.”

“பாரு போச்சு மாப்ள” என்று கதிரிடம் சொன்னான் ஏழுமலை. பார் என்றால் கடலுக்கடியில் பாறை இருக்கும் இடம். மீன் அங்கேதான் வந்து தங்கும். “எங்களுக்கு மணல் தரைய விட்டாங்க. பாரு அவங்களுக்கு. ஒங்கப்பன் கை தூக்கினான். சரிதான், நானும்தான் தூக்கினேன். ஆனா ஒங்கப்பன் அடுத்த மாசமே பெட்டியத் தூக்கிட்டு வெளிநாடு போயிட்டான். அவனுக்குச் சண்டை முடிஞ்சுச்சு. எனக்கு இருபது வருஷமா தெனமும் அந்தப் பார தாண்டித்தான் போவணும். பக்கத்துலயே மீன் குதிக்குது. வலை போட முடியாது.”

“அப்ப தப்பா மாமா?” என்றான் கதிர். “கை தூக்கினது?”

“தப்புன்னு சொல்லல. கை போறதுக்கு இது தேவலாம். ஆனா நிம்மதின்னு சொல்லாதே மச்சான்” என்று என்னிடம் திரும்பினான். “நிம்மதி உனக்கு. நீதான் இங்க இல்லியே.”

எனக்குக் கடுப்பு ஏறியது. “நான் என்னா ஓடிப்போனேன்னு சொல்றியா?”

“நான் சொன்னனா?”

“அப்புறம் எதுக்குடா பையன் எதிர்ல...”

“நீதான் பையன் எதிர்ல கதைய ஆரம்பிச்ச.”

கதிர் எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றான். அமைதியாகத்தான் பேசினான். “அப்பா, உனக்கு இங்க சண்டை வந்தப்ப அங்க போவ முடிஞ்சுது. அங்க ஏதாவது ஆனா இங்க வர முடியும். அத்தை இருக்குது, மாமா இருக்கறாரு, ஊடு இருக்குது. எனக்கு அது ஒன்னுதான் ஊரு. தீர்ப்பு எப்படி வந்தாலும் அந்தக் கடலத் தாண்டித்தான் நான் தெனமும் போவணும். அதனால நான் ஒரு தடவ கேக்கப்படணும்.”

‘கேக்கப்படணும்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அவனே செய்துகொண்ட வார்த்தை. நான் திருத்தவில்லை.

ஏழுமலை படகிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்தான். “வண்டி சொல்லவா மச்சான், மெட்ராசுக்கு?”

“சொல்லு” என்றேன்.

6

நெல்லித்தோப்பில் இருக்கும் ஏஜென்ட் டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தார். தேவகி அழுதாள். கல்யாண வீட்டிலிருந்து ஆள் கிளம்பிப் போனால் நல்லதில்லை என்றாள். விஜயா ஒரு டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்தாள். வண்டியில் நான், கதிர், ஏழுமலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். மரக்காணம் தாண்டியதும் நான் வாயைத் திறந்தேன்.

“வேண்டாம்னே போடு. பரவால்ல. ஆத்துப் பக்கம் மட்டும் போவாதே.”

“ஓட்டுப் போட விட்டா நான் எதுக்குப்பா ஆத்துக்குப் போறேன்?”

விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டான். உள்ளே போகும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் வழக்கம்போல ஒரு கோணங்கி முகம் காட்டினேன். தூரத்தில் போலீஸ்காரர் ஒருவர்தான் சிரித்தார்.

கல்யாணத்தன்று காலை பட்டம் கட்டினேன். அது கோணலாகப் போய்விட்டது. பொண்ணே அதைச் சரி செய்துகொண்டது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒன்றுவிட்ட சித்தப்பா கேட்டார்.

“எங்கடா ஒம்மவன்?”

“ஓட்டுப் போடப் போயிருக்கான் சித்தப்பா. பெலிசுக்கு.”

“நம்மூர்லதான் போன மாசமே முடிஞ்சுச்சே. அங்க ஓட்டுக்கு எவ்ளோ குடுக்கறான்?”

“ஒன்னும் குடுக்கறதில்ல.”

“அப்புறம் எதுக்குடா ப்ளேன்ல போறான்?” என்றவர், ரசத்தைக் கை நிறைய உறிஞ்சிவிட்டு, “ஒன்ன மாதிரியே இருக்கான்” என்றார்.

என்னை மாதிரி இல்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

புதுச்சேரியில் சாயந்திரம் ஆனால் பெலிசில் விடியும். கதிர் ஒரு படம் அனுப்பினான். பள்ளிக்கூட வாசலில் வரிசை. மை வைத்த விரல். முகத்தில் தூக்கம் இல்லை, சிரிப்பு இல்லை, கன்னம் ஒட்டியிருந்தது. நான் அதை விஜயாவிடம் காட்டினேன். அவள் விரலைப் பார்க்கவில்லை. “சாப்பிடல இவன்” என்றாள்.

மறுநாள் மதியம் மாப்பிள்ளை வீட்டுக்கு விருந்து. தேவகி வீட்டில் இலை போட்டார்கள். நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு கரண்டி சாதம், ஒரு தடவை போன். தலைநகரத்தில் ஆமாம் முன்னால் போகிறது. எங்கள் தெற்குப் பக்கம் வேண்டாம். வடக்கே ஆமாம். மறுபடி வேண்டாம். ஆமாம் ஜெயித்தால் என் மகன் தோற்கிறான். வேண்டாம் ஜெயித்தால் அவன் மறுபடி அந்த ஆற்றுக்குப் போவான். எது வர வேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. குலதெய்வத்தைக் கூப்பிட்டுவிட்டு, கோரிக்கை இல்லாமல் நின்றேன்.

கடைசியில் ஆமாம்தான் ஜெயித்தது. பாதிக்குக் கொஞ்சம் மேலே.

நான் ஓட்டே போடாமல் ஜெயித்துவிட்டேன். அவ்வளவு தூரம் பறந்து போய்ப் போட்டவன் தோற்றுவிட்டான்.

போன் அடித்தது. கதிர். நான் எடுப்பதற்குள் எதிரில் பரிமாறிக்கொண்டிருந்த ஏழுமலை, மீன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டான்.

“மாப்ள, தோத்துட்டியா?”

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ஏழுமலை வாசலுக்குப் போய்விட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து நின்று, குனிந்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு பேசினான். நிறையக் கேட்டான், கொஞ்சம் பேசினான். ஒருமுறை சிரித்தான். ஒருமுறை, “மறுநாளா? மறுநாளும் வலைய எடுத்துக்கிட்டுப் போனேன். வேற என்னா பண்ணுவேன்?” என்று சொன்னது காதில் விழுந்தது. அப்புறம் குரல் தணிந்துவிட்டது. நான் எழுந்து போகலாம் என்று பார்த்தேன். இலையை விட்டு எழக்கூடாது என்று தேவகி தோளை அழுத்தினாள்.

ஏழுமலை உள்ளே வந்தான். போனை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தான். அணைந்திருந்தது.

“வச்சிட்டானா? என்னைக் கேக்கலியா?”

“கேட்டான். அப்பா சாப்பிடறாருன்னு சொன்னேன். காலையில கடை தொறக்கணும், கொஞ்சம் தூங்கறேன்னான்.”

“என்னாடா பேசுனீங்க அவ்ளோ நேரம்?”

ஏழுமலை சட்டியை எடுத்தான். வஞ்சிரத்தின் நடுத்துண்டாகப் பார்த்து ஒன்றை என் இலையில் வைத்தான்.

“அது தோத்தவங்க ரெண்டு பேரு பேசிக்கிட்டது மச்சான். ஜெயிச்சவன் நீ, சாப்புடு. மீனு ஆறுது.”